இரண்டு பூவுக்கு நாலு பதில்

எங்கள் அப்பா சாமியைக் கேட்காமல் எதையும் செய்ய மாட்டார். ஊருக்கு வெளியே, கரடு என்று நாங்கள் சொல்லும் சின்னப் பாறைக் குன்றின் மேல் எங்கள் முருகன் கோயில். ஒரு சிவப்பு அரளி, ஒரு வெள்ளை அரளி, இரண்டையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமியின் காலடியில் வைத்துக் கலைத்துவிட்டு, பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் வேண்டாம். இதற்குப் பூக் கேட்பது என்று பெயர். கிணறு ஆழப்படுத்தலாமா, பழைய வீட்டை விற்கலாமா, தம்பி காய்ச்சலுக்கு எந்த டாக்டர், எல்லாவற்றுக்கும் பூதான். அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அங்கே கத்தியை எடுத்தால் அடுக்கிய துணியைக் கண் இமைக்காமல் வெட்டுவார். வீட்டுக்கு வந்தால் புடலங்காய் வாங்குவதா பீர்க்கங்காய் வாங்குவதா என்பதற்கே அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்.

நான் வேலைக்குப் போனதும் பூக் கேட்டுத்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். கோயமுத்தூரில் ஒரு பெரிய மில்லின் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் புதிதாகத் திறந்திருந்தார்கள். எழுபதுகளின் தொடக்கம். கம்ப்யூட்டர் என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் தலையும் புரியாது, வாலும் புரியாது. டைப் அடிக்கத் தெரிந்த பெண்கள் வேண்டும் என்றார்கள். அப்பா பூக் கேட்டார். சிவப்பு வந்தது. அன்றைக்கு அந்தப் பூசாரி எனக்குத் தெய்வமாகவே தெரிந்தார்.

என் வேலை அட்டையில் ஓட்டை போடுவது. இதைச் சொன்னால் அம்மாவுக்கு அவமானமாக இருக்கும். "படிச்ச புள்ளை போயி ஓட்டை போடுதுன்னு வெளிய சொல்லாதே, ஆபீஸ் வேலைன்னு சொல்லு" என்பார். தபால் கார்டைவிட நீளமான அட்டை. அதில் பக்கவாட்டில் எண்பது பத்திகள், ஒவ்வொரு பத்தியிலும் மேலிருந்து கீழே பன்னிரண்டு இடங்கள். எண் என்றால் அதன் இடத்தில் ஓர் ஓட்டை. ஆங்கில எழுத்து என்றால் இரண்டு ஓட்டை, ஒன்று மேலே, ஒன்று கீழே. நாங்கள் விசையைத் தட்டினால் பஞ்ச் இயந்திரம் சரியான இடத்தில் துளைக்கும். ஒரு தொழிலாளியின் பெயர், அவர் எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எல்லாம் ஓர் அட்டையில் அடங்கிவிடும். அட்டையைப் படிக்கும் இயந்திரத்துக்குள் சின்னச் சின்னக் கம்பித் தூரிகைகள் இருந்தன. ஓட்டை இருந்தால் தூரிகை அதன் வழியே அடியில் இருக்கும் உலோகத்தைத் தொடும், மின்சாரம் பாயும். ஓட்டை இல்லாவிட்டால் அட்டை தடுத்துவிடும். இவ்வளவுதான் அந்த இயந்திரத்துக்குத் தெரிந்த உலகம். உண்டு, இல்லை.

இது என்ன பெரிய அதிசயம், எங்கள் அப்பா பிறந்ததிலிருந்து இப்படித்தானே வாழ்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஓர் உண்டு இல்லையை வைத்துக்கொண்டு ஓர் ஆளின் பெயரை எப்படி எழுதுவது? அது எனக்கு விளங்கக் கொஞ்ச நாள் ஆனது. கம்ப்யூட்டரின் முகப்பில் வரிசையாகச் சிறு விளக்குகள் இருக்கும். ஒரு விளக்கு என்றால் எரியும் அல்லது அணைந்திருக்கும், இரண்டு சேதிதான் சொல்லலாம். இரண்டு விளக்கு என்றால் நாலு விதமாக எரியலாம், நாலு சேதி. மூன்று என்றால் எட்டு. ஒவ்வொரு விளக்கு கூடும்போதும் சேதி இரண்டு மடங்காகும். எந்த விளக்கு முன்னால், எந்த விளக்கு பின்னால் என்ற வரிசை மட்டும் மாறக் கூடாது. எந்த மாதிரி எரிந்தால் என்ன அர்த்தம் என்று எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இதைப் புரிந்துகொண்ட அன்று ரயிலில் வரும்போது எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

சொல்வதற்கு ஆள் இருந்தாள். திருப்பூரிலிருந்து என்னோடு அதே பாசஞ்சரில் வந்து போன ஒரு முஸ்லிம் பெண். அப்பாவை அத்தா என்பாள், அவர் பனியன் நூல் வியாபாரி. அவளும் அதே செக்‌ஷன்தான், ஆனால் அவள் வேலை என்னைச் சந்தேகப்படுவது. நான் துளைத்த அட்டையை வேறோர் இயந்திரத்தில் வைத்து, அதே விவரத்தை அவள் மறுபடி முதலிலிருந்து அடிப்பாள். அந்த இயந்திரம் துளைக்காது, ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். ஒத்துப்போனால் அட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழும், பாஸ். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் அங்கிருந்தே "யம்மா தாயே, தூங்கிட்டியா" என்று குரல் கொடுப்பாள். பாவி, செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்.

அந்த ஆயுத பூஜைக்கு, இயந்திரத்தை ஓட்டும் பையன் ஒருவன் முருகன் படம் ஒன்றை அச்சடித்துக் காட்டினான். கட்டம் போட்ட தாளில் படத்தை வரைந்து, இருட்டான கட்டத்துக்கு எக்ஸ் எழுத்து, வெளிச்சமான கட்டத்துக்குப் புள்ளி என்று வைத்து, ஒரு வரிக்கு ஓர் அட்டையாகத் துளைத்திருந்தான். அட்டைக் கட்டை உள்ளே தள்ளியதும் சம்பளப் பட்டியல் வரும் அதே காகிதத்தில் வேல் வந்தது, மயில் வந்தது. மயில் கொஞ்சம் கோழி மாதிரிதான் இருந்தது. ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பெயரும் ஓட்டைதான், சம்பளமும் ஓட்டைதான், சாமியும் ஓட்டைதான். எல்லாம் ஒரே அட்டை, ஒரே இயந்திரம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றைக்கே யாரோ பக்தி முற்றி அட்டைக் கட்டுக்கும் சந்தனம் வைத்துவிட்டார்கள். காய்ந்த சந்தனம் ஓர் ஓட்டையை அடைத்துக்கொண்டது. அந்த அட்டையில் இரண்டு ஓட்டை இருந்த 'ஏ' எழுத்து, மேல் ஓட்டை அடைபட்டுப் போனதால் ஒன்றாம் எண்ணாகிவிட்டது. ஒரு தொழிலாளியின் பெயர் எண்ணில் தொடங்கிப் பட்டியலில் வந்தது. அதிகாரி போட்ட சத்தத்தை அந்த முருகனே கேட்டிருப்பார்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள்.

மூன்று இடம் வந்தது. சோமனூரில் விசைத்தறி வைத்திருந்தவர்கள், அம்மாவின் வழியில் தூரத்துச் சொந்தம். அவிநாசிபாளையத்தில் அப்பாவின் சிநேகிதர் மகன், அரிசி மில். குன்னத்தூரில் நிலக்கடலை வியாபாரம், தரகர் கொண்டுவந்தது. மூன்று பேரின் முகத்தையும் நான் பார்த்ததில்லை. ஆனால் மூன்று வீட்டாரும் ஒரே குரலில் ஒன்று சொல்லியிருந்தார்கள். பெண் வேலையை விட்டுவிட வேண்டும். அது பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

அந்த வேலை எனக்கு உயிர். காலையில் ரயிலேறுவது, செக்‌ஷன் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஏ.சி. குளிர், விசைகளின் சடசடப்பு, பக்கத்தில் அந்தப் பாவியின் கிண்டல். இதையெல்லாம் விட்டுவிட்டு முகம் தெரியாத ஒருவரின் வீட்டில் போய் உட்கார வேண்டும். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் முடிவு சொல்வது சாமி, என்ன வந்தாலும் தலையாட்டுவது நாங்கள்.

அப்பா வழக்கம்போல் பூக் கேட்கக் கிளம்பினார். முதலில் ஒரு வரனைக் கேட்பது, வெள்ளை வந்தால் அடுத்தவரைக் கேட்பது என்பது அவர் திட்டம். அங்கேதான் வீட்டில் சண்டை மூண்டது. யாரை முதலில் கேட்பது? சோமனூரைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று அம்மா பிடித்த பிடியில் நின்றார். சிநேகிதன் என்ன நினைப்பான் என்று அப்பா முனகினார். முதலில் நிற்பவருக்குச் சரிபாதி வாய்ப்பு, மூன்றாவது ஆளின் முறை வரவே வராது போகலாம். கணக்குப் படிக்காத அம்மாவுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சாதம் போடும்போது கரண்டிதான் பேசியது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏனுங்கப்பா, மூணு பேரையும் ஒண்ணாக் கேக்கலாமுங்க. ரெண்டு தடவை பூ எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

"ஒரே விசயத்தை ரெண்டு தரம் கேக்கக் கூடாது கண்ணு, குத்தம்" என்றார் அப்பா.

"ரெண்டு தரம் இல்லீங்கப்பா. ரெண்டு பூவும் சேந்து ஒரே பதிலுங்க. மொதல்ல சிவப்பு, அப்புறமும் சிவப்புன்னா சோமனூருங்க. மொதல்ல சிவப்பு, அப்புறம் வெள்ளைன்னா குன்னத்தூரு. மொதல்ல வெள்ளை, அப்புறம் சிவப்புன்னா அவிநாசிபாளையம். எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதானுங்க, யாருக்கும் கூடக் கொறச்சல் இல்லை."

அப்பா விரலை மடக்கிப் பார்த்தார். அம்மாவும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் வெள்ளையா வந்தா?" என்று கேட்டது அம்மாதான்.

நான் அதுவரை அதை யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. ஆட்கள் மூன்று, விடைகள் நாலு. ஒன்று மிச்சம்.

"அது சும்மா" என்றார் அப்பா.

"சும்மான்னு ஒண்ணு கிடையாதுங்கப்பா. அதுவும் ஒரு பதிலுங்க, அதுக்கும் ஒரு அர்த்தம் வெக்கோணுமுங்க." என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. "இப்பக் கல்யாணம் வேண்டாம், புள்ளை வேலைக்குப் போகட்டும்னு வெச்சுக்கலாமுங்க."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ரசம் கொதித்திருக்கும். அப்பா மறுபடி விரலை மடக்கி எண்ணிவிட்டு, "நாலுல ஒண்ணுதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அம்மாவுக்கும் சோமனூருக்குச் சம பங்கு கிடைத்ததில் ஒரு சமாதானம். அன்று இரவு கரண்டி ஓய்ந்து வாய் பேசியது.

மறுநாள் ரயிலில் தோழியிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அட கூறுகெட்டவளே, உன்னையே அட்டையில போட்டுத் துளைச்சுக்கிட்டியா. சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிற மொத ஆளு நீதான்" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரெண்டும் வெள்ளையா வரட்டும். நானும் அல்லாகிட்ட துஆ கேக்கறேன்" என்றாள்.

கிருத்திகையன்று கரட்டுக்குப் போனோம். அப்பா, அம்மா, நான். பூசாரியிடம் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். பூசாரி பாதி கேட்டார், பாதி தலையாட்டினார். இலை மடிப்புகளைச் சாமி காலடியில் வைத்துக் கண்ணை மூடிக் கலைத்தார். ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா கைகூப்பியபடி இரண்டாவது பூவுக்காகக் காத்திருந்தார். அவர்களுக்கு இன்னும் ஏதோ பாக்கி இருந்தது. எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. முதல் பூ சிவப்பு என்றான பிறகு இரண்டும் வெள்ளையாக வர வழியில்லை. இனி சோமனூரா குன்னத்தூரா என்பது மட்டும்தான். அந்த இடத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்தி. அழுதால் சாமிக்கு முன்னால் எதற்கு அழுகிறாய் என்பார்கள் என்று கற்பூரப் புகையைச் சாக்கு வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பூசாரி அந்தப் பூவைத் தட்டில் வைத்துவிட்டு, வேறொரு சிவப்பையும் வேறொரு வெள்ளையையும் புதிதாக மடித்துக் கலைத்து ஒன்றை எடுத்தார். வெள்ளை. அந்த வெள்ளைப் பூவையும் தட்டில் முதல் பூவுக்குப் பக்கத்தில் வைத்து எங்கள் முன் நீட்டினார்.

"ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளை" என்றார் அப்பா. முகம் மலர்ந்தது. "அப்ப அவிநாசிபாளையந்தானே?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் பகல் முழுக்க ஒரே ஓர் இடம் பிசகினால் சிவப்பு விளக்கு எரியும் இயந்திரத்தோடு மாரடிப்பவள் நான். "இல்லீங்கப்பா. அவிநாசிபாளையத்துக்கு வெள்ளைதான் மொதல்ல வரோணும். இது சிவப்பு மொதல்ல. குன்னத்தூருங்க."

"ரெண்டுலயும் ஒரு சிவப்பு ஒரு வெள்ளைதானே கண்ணு?"

"வரிசை வேறீங்கப்பா."

பூசாரி தட்டைக் குனிந்து பார்த்தார். "எனக்கு இந்தப் பக்கமிருந்து பாத்தா வெள்ளைதானுங்க மொதல்ல இருக்குது" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அவர் எங்களுக்கு எதிரே நின்றார். எங்கள் இடது கைப்பக்கம் அவருக்கு வலது. தட்டில் வைத்த பிறகு இரண்டு பூவும் சும்மா இரண்டு பூதான், எது முன்னால் வந்தது என்று அவற்றின் மேல் எழுதியா இருக்கிறது?

"ரெண்டும் கலந்து வந்திருக்குதுங்க. கலந்து வந்தா சாமிக்கு மனசு ஒப்பலைன்னு அர்த்தம்" என்றார் பூசாரி. சோமனூர் கைநழுவிப் போன கோபத்தில் இருந்த அம்மா உடனே அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமாங்க, ஆமாங்க, ஒப்பலீங்க" என்றார்.

எனக்கு நல்லதுதானே, விட்டிருக்க வேண்டும். விடவில்லை. "என்ன ஒப்பலை? பேசி வெச்சபடி வந்திருக்குது. குன்னத்தூருன்னு வந்திருக்குது. வந்ததை வந்ததுன்னு சொல்லோணுமா இல்லையா?" என்று கத்தினேன். கோயிலில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே பூசாரியும் சாமியும் சேர்ந்து என்னை விட்டுவிடத் தயாராக இருந்தார்கள், நான்தான் என் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன்.

பூசாரி அம்மாவைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். "புள்ளைக்குக் குன்னத்தூரு மேல ஒரு கண்ணுங்க போல" என்றார். அம்மாவின் வாய் பிளந்தது. "அப்படியா சேதி" என்றார். என் காதெல்லாம் சுட்டது. அவமானத்தில் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா வந்து இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்தார். கீழே ஊர்ப்பக்கம் பனியன் துணி காயப்போட்டிருந்த வெளி வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"உனக்குக் குன்னத்தூரு மாப்பிள்ளையைக் கட்டிக்கோணும்னு இருக்குதா கண்ணு?"

"அய்யோ, இல்லீங்கப்பா. அவரு மூஞ்சி கூடத் தெரியாதுங்க."

"அப்புறம் எதுக்கு உள்ள அந்தச் சண்டை?"

"வந்தது அதுதானுங்க."

அப்பா தலையைச் சொறிந்தார். அவருக்கு நான் புரியவில்லை. எனக்கே நான் புரியவில்லை. காற்று அடித்தது. யாரோ படியேறி எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"சரி. உனக்கு என்னதான் வேணும்?"

இந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்பது அதுதான் முதல் முறை. அம்மாவிடம் அவர் அப்படிக் கேட்டதையும் நான் பார்த்ததில்லை. எனக்கு அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது. "வேலைக்குப் போகோணுங்கப்பா" என்றேன். "எனக்கு அது நெம்பப் புடிச்சிருக்குதுங்க."

"இத்தனை நாளா இதைச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சாமியைத்தானே கேட்டீங்க. என்னைக் கேக்கலீங்களே."

அப்பா முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். பூசாரி தட்டிலிருந்த பூக்களை எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா திருநீற்றைத் தாளில் மடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, உத்தரவு ஆயிருச்சுங்க" என்றார் அப்பா. "புள்ளை வேலைக்குப் போகட்டும்னு."

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். "அது எப்பங்க ஆச்சு?"

"இப்பத்தானுங்க," என்றார் அப்பா, "படியில."